யாருடைய நடை?

ஒரு மனிதன் நடப்பதை வரையக் கற்றுக்கொள்வது வெறும் கைவேலைதானா? அல்லது அதற்குள் நியாயம், அநியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறதா? கேள்வி சின்னதாகத்தான் படும். குடிசை எரிகிற நாட்டில், குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலக்கப்படுகிற நாட்டில், அனிமேஷன் வகுப்பைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கு. நம் பிள்ளைகள் இன்றைக்குக் கேமராவுக்கும் பென் டேப்லெட்டுக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். வங்கிக் கடனிலும் உதவித்தொகையிலும் அம்மாவின் அடகு வைத்த தோட்டிலும் படிக்கிறார்கள். எழுத்து நம் கைக்கு வந்தபோது எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது, யாரைக் கேட்டு எழுதுவது என்று நாம் கூடி உட்கார்ந்து சண்டை போட்டோம். படம் அவர்கள் கைக்கு வந்திருக்கிறபோது அதே சண்டையை அவர்கள் தனியாக, ஹாஸ்டல் அறையில், மார்க்குக்குப் பயந்துகொண்டு போடுகிறார்கள். அதைப் பொதுவில் போட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அனிமேஷன் சொல்லித்தருகிற இடங்களில் பாடம் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் போகிறது. முதலில் பந்து. விழுந்து எழும்புகிற பந்து. தரையில் மோதும்போது நசுங்கும், எழும்பும்போது நீளும். பந்துக்கு எடை கொடுக்கத் தெரிந்தால் அடுத்தது பாதி நிரம்பிய மாவு மூட்டை. அதற்குப் பிறகு மனுஷ நடை. 'வாக் சைக்கிள்' என்பார்கள். சினிமாவில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டம். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தி வைத்தால் நொடிக்கு 12 படம் வரைந்தால் போதும். சாதாரணமாக நடக்கிறவர் ஒரு நொடியில் இரண்டு எட்டு வைக்கிறார். ஆக 12 படத்தில் வலது கால் ஓர் எட்டு, இடது கால் ஓர் எட்டு. கடைசிப் படம் முதல் படத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த ஆள் நடந்துகொண்டே இருப்பார், நின்ற இடத்திலேயே. பின்னால் இருக்கிற மரமும் வீடும்தான் நகரும்.

ஒவ்வோர் எட்டுக்கும் நாலு நிலை. குதிகால் தரையில் படுவது ஒன்று. உடம்பின் எடை இறங்குவது இரண்டு. ஒரு காலை இன்னொரு கால் தாண்டுவது மூன்று. உடம்பு மேலே எழும்புவது நாலு. கை, காலுக்கு எதிராக வீச வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை பார்த்த பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' என்ற புத்தகத்தில் அனிமேஷனுக்கான 12 விதிகளைத் தொகுத்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் பல நாடுகளில் வகுப்பறைகள் அதை வைத்துத்தான் நடக்கின்றன. நல்ல பாடம். அதோடு எனக்குத் தகராறு கிடையாது. என் தகராறு அந்த நடைக்கு வகுப்பறை வைத்திருக்கிற பேரோடுதான். 'நார்மல் வாக்' என்கிறார்கள். இயல்பான நடை. இதைக் கற்ற பிறகுதான் சோக நடை, கோப நடை, குடிகார நடை, திருட்டு நடை எல்லாம்.

கையை வீசி, நெஞ்சை நிமிர்த்தி, நேராகப் பார்த்து, தெருவின் நடுவில் நடப்பது யாருக்கு இயல்பாக இருந்தது?

*

திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச் சாலையில் போனார். வண்டியில் ஒரு மனிதன் ரோட்டில் போனது போராட்டமாக இருந்தது. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார். கேட்டது ராஜ்ஜியத்தை அல்ல, பொதுத் தெருவில் நடக்கிற உரிமையை, பொதுக் கிணற்றைப் புழங்குகிற உரிமையை. அதே 1924இல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் நுழைவதற்காகக்கூட இல்லை, கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் கால் வைப்பதற்காக. 1927 மார்ச்சில் மகாத் நகரத்தில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சவுதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்தார். தண்ணீரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். அந்த ஊருக்குள் வரிசையாக நடந்துபோனது பற்றியும் பேச வேண்டும்.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் கொண்டுவந்தபோது, பொது இடத்தில் நம்மவர்கள் செருப்புப் போடுவதைத் தடுப்பது, புதுத்துணி உடுத்துவதைத் தடுப்பது, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, கல்யாண ஊர்வலம் போவதைத் தடுப்பது எல்லாம் குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை. இருபத்தோராம் நூற்றாண்டில் 'செருப்பு' என்ற சொல் ஒரு குற்றவியல் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், நடை என்பது எலும்பும் தசையும் மட்டும் தீர்மானிக்கிற விஷயம் இல்லை என்றுதான் அர்த்தம். தெரு தீர்மானிக்கிறது. திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்தில் 'இயல்பு' என்று இருக்கிற நடை நமக்குப் போராடிக் கிடைத்த நடை. சில ஊர்களில் இன்னும் கிடைக்காத நடை.

கருவிக்கும் இப்படி ஓர் 'இயல்பு' உண்டு. ஒளி அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக் கணக்குப் போடும். 18 சதவீத ஒளியைத் திருப்புகிற பரப்பு என்பது அதன் அனுமானம். கோடாக் கம்பெனி வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பேரே உண்டு. பலதரப்பட்ட நிறமுடைய முகங்கள் அந்த அட்டைக்கு வர 1990கள் ஆயிற்று. சாதி வேறு, தோல் நிறம் வேறு என்பது நமக்குத் தெரியும். நம்மில் எல்லா நிறமும் உண்டு, அவர்களிலும் உண்டு. ஆனாலும் நம்ம சினிமாவில் சேரி ஆள் வேஷம் என்றால் சிவந்த நடிகர் முகத்தில் கரியைப் பூசுகிற பழக்கம் இருக்கிறதே, அது எந்தப் பாடத்திலிருந்து வந்தது? கருவியும் சரி, கண்ணும் சரி, ஏதோ ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டுதான் மற்றதைப் பார்க்கிறது. நடுவில் வைத்தது எது என்று கேட்பதுதான் படிப்பு.

*

இனி ஒரு மாணவனின் அனுபவத்துக்கு வருகிறேன். என் அக்கா மகன். விழுப்புரம் பக்கத்துச் சேரியிலிருந்து சென்னைக்குப் போய்க் காட்சித் தொடர்பியல் படிக்கிறான். கல்லூரி பேர் வேண்டாம், எந்தக் கல்லூரியாகவும் இருக்கலாம். இரண்டாம் வருஷம் நடை வரையச் சொன்னார்கள். எல்லாரும் 'நார்மல்' வரைந்து முடித்ததும் 'குணம் தெரியுற மாதிரி ஒரு நடை' என்று அடுத்த பயிற்சி. இவன் தன் தாத்தாவை வரைந்தான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஊர்த்தெரு வழியாகப் போகிற தாத்தா. வாத்தியார் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாராம். ஒன்று, "வெயிட் தப்பா இருக்குப்பா, முன்னாடி சாயுது." இரண்டு, "சோக நடைன்னா கண்ணு கீழ பாக்கணும், இவரு மேல பாக்குறாரே."

அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினான். "மாமா, நான் வரைஞ்சது தப்பில்ல. தப்பு எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றான்.

அனிமேஷன் படிக்கிறவர்கள் ஒரு நடையை வரைவதற்கு முன் அதைத் தாங்களே நடந்து பார்ப்பார்கள். கண்ணாடி முன் நின்று, அல்லது செல்போனில் தங்களையே பிடித்து. இவனும் ஹாஸ்டல் வராந்தாவில் செருப்பைக் கையில் பிடித்து, துண்டை இடுக்கி, குனிந்து நடந்து பார்த்திருக்கிறான். ஒரு நாள் இல்லை, நாலு ராத்திரி. நடக்க நடக்க அவனுக்குப் புரிந்தது இதுதான். ஒரு கையில் செருப்பு இருக்கிறபோது அந்தக் கை வீசாது, இன்னொரு கை துண்டுக்குக் காவல், அதுவும் வீசாது. அப்போது உடம்பின் நிதானத்தை முதுகுதான் பிடிக்க வேண்டும். வெறுங்காலோடு சுடுமண்ணில் நடக்கிறவர் குதிகாலை ஊன்ற மாட்டார், முன்பாதத்தைத்தான் முதலில் வைப்பார். எடை முன்னால்தான் சாயும். கண்ணு கீழே பார்க்காது. தலை குனிந்திருக்கும், கண்ணு மட்டும் தெருமுனையைப் பார்க்கும். ஏனென்றால் யார் வருகிறார் என்று முன்கூட்டித் தெரிய வேண்டும்.

"தாத்தா பயந்து குனியல மாமா. கணக்குப் போட்டுக் குனிஞ்சிருக்காரு. மெதுவா போற மாதிரி இருக்கும், ஆனா எந்நேரமும் ஓடத் தயாரா இருக்குற உடம்பு அது" என்றான்.

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்தப் படிப்புக்குக் கட்டிய பணம் செரித்துவிட்டது என்று நினைக்கிறேன். 'சோக நடை' என்று வகுப்பறை பேர் வைத்ததற்குள் ஒரு அறிவு இருந்திருக்கிறது. ஆபத்தை அளந்து நடக்கிற அறிவு. அடக்குமுறை நம் முன்னோர்களை உணர்ச்சியாக மட்டுமே பார்க்கச் சொல்லித்தந்திருக்கிறது. பாவம், பரிதாபம், சோகம். அவர்கள் யோசித்தார்கள், திட்டம் போட்டார்கள், தெருவைப் படித்தார்கள் என்பதை நாமே மறந்துவிட்டோம். வரைகிற கை அதை மீட்டுக்கொடுத்தது. வாத்தியார் நல்ல மனுஷர்தான், எல்லாம் விளக்கியதும் ஒத்துக்கொண்டார் என்றும் சொன்னான். பிரச்சினை அங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையும் முடிந்திருக்கும்.

*

அடுத்த பருவத்தில் வீடியோ தயாரிப்பு. ஐந்து பேர் கொண்ட குழு, ஐந்து நிமிட ஆவணப்படம். என்ன எடுக்கலாம் என்று குழு உட்கார்ந்தபோது மற்ற நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்களாம்: "உங்க ஊருக்குப் போலாம்டா." ஏற்கெனவே தாத்தா நடை வகுப்பில் பேசப்பட்டுவிட்டது. 'சமூகப் பிரச்சினை' என்றால் மார்க் விழும். கேமராவை ஒருத்தன் எடுத்துக்கொண்டான், இயக்கம் ஒருத்தன், எடிட்டிங் ஒருத்தன். குழுவிலிருந்த ஒரே பெண் பிள்ளைக்குச் செலவுக் கணக்கும் சாப்பாட்டு ஏற்பாடும். இவனுக்கு ட்ரைபாட் தூக்குவதும், ஊரில் பேசி ஆள் சேர்த்துத் தருவதும்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற ஆட்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குகிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கினார். அனிமேஷன் தொழிலுக்கும் அடுக்கு உண்டு. முக்கியமான நிலைகளை வரைகிறவர் ஒருவர், இடைப்பட்ட படங்களை நிரப்புகிறவர் இன்னொருவர். டிஸ்னி ஸ்டுடியோவில் கோட்டுக்கு மை போட்டு வண்ணம் தீட்டுகிற வேலை பெண்களுக்கு, சம்பளமும் குறைவு. 1941இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் வந்தது. தொழிலில் பிரிவினை இருக்கட்டும். யார் எந்தப் படியில் நிற்பார் என்பதை வேலை தெரியாத முதல் நாளிலேயே ஒரு கல்லூரிக் குழு எப்படித் தீர்மானித்தது? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

ஊருக்கு வந்தார்கள். அவன் ஆயா, என் அம்மா, களை வெட்டிவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. முழங்கால் வீக்கத்தைக் காட்டச் சொன்னார்கள். காட்டியது. தாத்தா செருப்பைக் கையில் பிடித்துப் போனதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னது. எல்லாம் முடிந்து விளக்கை அணைத்ததும் பேரனைப் பக்கத்தில் கூப்பிட்டு ஆயா கேட்டது:

"கண்ணு, நம்மள புடிச்சிக்கினு போறாங்களே, அவங்க வூட்டு ஆயாவயும் புடிச்சி எனக்குக் காட்டுவாங்களா?"

தத்துவம் படித்தவர்கள் எவ்வளவோ புத்தகம் எழுதி அடைகிற இடத்துக்கு என் அம்மா ஒரே கேள்வியில் போய்விட்டது. பார்க்கிறவர், பார்க்கப்படுகிறவர் என்று இரண்டு பேர் இருக்கிறபோது அந்த உறவு என்றைக்காவது திரும்புமா? திரும்பவே திரும்பாத பார்வைக்கு என்ன பேர்? ஒரு வீட்டின் முழங்கால் வீக்கம் பாடமாகும், இன்னொரு வீட்டின் திண்ணை பாடமாகாது என்றால், அந்த வகுப்பில் சமூகத்தின் பாதியைத்தான் படிக்கிறார்கள். குனிந்தவரை மட்டும் படம் பிடிக்கிற வகுப்பு, குனிய வைத்தவரைச் சட்டத்துக்கு வெளியே பத்திரமாக நிறுத்தி வைக்கிறது.

*

இதற்கு வழக்கமாக மூன்று பதில் வரும். மூன்றையும் பார்த்துவிடுவோம்.

காட்டினால்தானே மாறும் என்பது முதல் பதில். பாதி உண்மை. மலக்குழியில் இறங்கிச் சாகிறவர்களைப் பற்றி 2017இல் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படம் திரையிடலுக்குத் தடைகளையும் வழக்குகளையும் சந்தித்தது. வெறும் பரிதாபத்தைக் காட்டியிருந்தால் அதிகாரத்துக்கு என்ன கோபம் வந்திருக்கும்? அந்தப் படம் பார்க்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. நாகராஜ் மஞ்சுளே 2013இல் எடுத்த 'ஃபன்ட்ரி' மராத்திப் படத்தின் கடைசியில் பன்றி பிடிக்கிற வீட்டுப் பையன் எறிகிற கல் கேமராவை நோக்கித்தான் வருகிறது. அதாவது நம்மை நோக்கி. சாட்சி சொல்வதற்கும் கண்காட்சி வைப்பதற்கும் இருக்கிற வித்தியாசம் இங்கேதான் தெரிகிறது. சாட்சி யாரையோ பார்த்துப் பேசும், பதில் கேட்கும். கண்காட்சி பார்த்தவர் அய்யோ பாவம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மார்க் போட்டுவிட்டும் போகலாம்.

நம்மவர் எடுத்தால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது பதில். அனுபவம் உள்ளவர் எடுக்கிறபோது தெரிகிற விஷயம் வேறு, அதில் சந்தேகமில்லை. முன்பாதம் முதலில் படுவது நாலு ராத்திரி நடந்தவனுக்குத்தான் தெரிந்தது. ஆனால் பிறப்பை மட்டும் உரிமைச் சீட்டாக எடுத்துக்கொண்டால், சாதி பேசுகிற பாஷையையே நாமும் பேசுகிறோம். பேரனுக்கும் ஆயாவுக்கும் நடுவில்கூட அதிகாரம் உண்டு. அவன் படித்தவன், அது படிக்காதது. அவன் ஆண், அது பெண். எந்த வாக்கியத்தை வெட்டுவது, எதை விடுவது என்பது எடிட்டிங் செய்கிறவர் கையில். அம்மாக்களின், அக்காக்களின் உடம்பை வைத்து ஆண் பிள்ளைகள் வீரம் பேசுவதைத் தலித் பெண்கள் நெடுநாளாகக் கேள்வி கேட்டுவருகிறார்கள். கேமரா கைக்கு வந்தவுடன் அந்தக் கேள்வி ரத்தாகிவிடாது.

அப்படியென்றால் பேசாமல் இருந்துவிடலாமே, பொதுவான விஷயம் ஏதாவது வரையலாமே என்பது மூன்றாவது பதில். சில பிள்ளைகள் இந்த முடிவுக்குத்தான் வருகிறார்கள். மார்ஸ் கிரகம், ரோபோ, பூனைக்குட்டி. அவர்கள் உரிமை அது. தலித் மாணவன் என்றால் காயத்தைத்தான் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கட்டளை போட முடியாது. பூனைக்குட்டி வரைவதற்கான சுதந்திரமும் சமத்துவத்தில் சேர்ந்ததுதான். ஆனால் பி. கே. ரோசியை நினைத்துப் பாருங்கள். மலையாளத்தின் முதல் கதாநாயகி, புலையர் வீட்டுப் பெண். ஜே. சி. டானியல் இயக்கிய 'விகதகுமாரன்' படத்தில் நாயர் பெண்ணாக நடித்தார். தாழ்ந்த சாதிக்காரி நாயர் பெண்ணாகத் திரையில் தெரிவதா என்று ஆதிக்க சாதியினர் வெறிகொண்டு தாக்கினார்கள். ரோசி ஊரைவிட்டே ஓட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து பேர் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். அந்தப் படமும் இன்று இல்லை. அன்றைக்கு அவங்களா நடிச்சா அடி. இன்றைக்கு நாமளா நடிச்சா மார்க். இரண்டிலும் விதி ஒன்றுதான்: உன் இடத்தில் நில். காயத்தை மட்டும் காட்டு என்று கேட்கிற முற்போக்கு வகுப்பறையும், உன் முகம் எங்கள் திரையில் தெரியக் கூடாது என்று கல்லெறிந்த கூட்டமும் ஒன்று என்று சொல்லவில்லை. ஒன்றில் உயிர் போகும், மற்றதில் டிகிரி வரும். ஆனால் இடத்தைக் குறித்துக் கொடுப்பது இரண்டிலும் நாம் இல்லை.

*

அப்படியானால் எது சரி? என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன், தோழர்கள் திருத்தலாம்.

வீடியோவுக்கும் வரைகலைக்கும் நீதியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. வீடியோ எடுத்துக்கொள்கிறது. முகம் போகிறது, குரல் போகிறது, வாசலில் காய்கிற புடவை போகிறது. ஊரில் நாளைக்குத் தண்ணீருக்குப் போகிறபோது முகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆயாதான், மாணவன் இல்லை. அனிமேஷனில் சாட்சியை மறைத்துக்கொண்டே உண்மையைச் சொல்ல முடியும். 2021இல் வந்த 'ஃப்ளீ' என்ற டென்மார்க் படம் ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிய ஓர் அகதியின் கதையை, அவர் யார் என்று வெளியே தெரியாமல், பெரும்பாலும் வரைந்தே சொன்னது. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் பயப்படுகிற நம் ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று யோசியுங்கள். கருவிக்குப் பணம் இல்லை என்ற தடையும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. 'பிளெண்டர்' என்ற மென்பொருள் 2002லிருந்து யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கூடியதாக இருக்கிறது. அதில் செய்த 'ஃப்ளோ' என்ற லாட்வியா நாட்டுப் படம் 2025இல் ஆஸ்கர் வாங்கியது. நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்பது உண்மை. அதைக் கட்சிகளும் சங்கங்களும் கூட்டாக வாங்கி வைக்கலாம், படிப்பகம் வைத்த மாதிரி.

ஆனால் வரைகிறவர் பொய்யும் வரையலாம். கேமராவாவது எதிரில் ஒருவர் நின்றார் என்பதற்கு அத்தாட்சி. படத்துக்கு அத்தாட்சி வரைந்தவரின் நேர்மைதான். அதனால் யாரை வரைகிறோமோ அவர்களிடம் முதலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வகுப்புக்கு முன், விழாவுக்கு முன். வேண்டாம் என்று அவர்கள் சொல்கிற இடத்தை வெட்ட வேண்டும். அனுமதி என்பது படப்பிடிப்பு அன்று தலையாட்டுவதோடு முடிகிற காரியம் இல்லை. பேரன் கேட்டதற்காக ஆயா சொல்கிற 'சரி' என்பதில் பாசம் எவ்வளவு, சம்மதம் எவ்வளவு என்று பேரன்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் வடிவத்தையே கேள்வி கேட்கவும் வழி உண்டு. அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயனா' 2011இல் வந்தது. அதை வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பர்தான் கோண்ட் ஓவியர்கள். படக்கதை என்றால் கட்டம் கட்டமாகப் போட வேண்டும் என்ற வழக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. மனிதர்களைப் பெட்டிக்குள் அடைக்க மறுத்து, பக்கம் முழுக்க ஓட விட்டார்கள். பாடப்புத்தக விதி தெரியாததால் செய்தது இல்லை அது. தங்களுக்கு வேறு விதி இருந்ததால் செய்தது.

என் அக்கா மகன் என்ன செய்தான்? ஆயாவின் கேள்வியைக் குழுவில் வைத்தான். ஒருத்தன் கோபித்துக்கொண்டு போனான். ஒருத்தன், கேமரா பிடித்தவன், ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்க தாத்தா திண்ணைல உக்காந்திருப்பாரு. நான் பாத்திருக்கேன்" என்றானாம். ஆவணப்படம் வேறு தலைப்பில் போனது. ஆயாவை எடுத்த பதிவை அழித்துவிட்டார்கள், அது கேட்டதால்.

நடையை மட்டும் இவன் விடவில்லை. வாக் சைக்கிள் ஒரு செக்கு மாதிரி. கடைசிப் படம் முதல் படத்தோடு ஒட்டிக்கொண்டால் தாத்தா செருப்பைக் கையில் பிடித்தபடி காலம் பூராவும் நடந்துகொண்டே இருப்பார். இவனுக்கு அது பொறுக்கவில்லை. கடைசியில் தாத்தா நிமிர்ந்து நின்று, தெருவிலேயே செருப்பை மாட்டிக்கொள்கிற மாதிரி வரைந்துவிடலாமா என்று கேட்டான். கைதட்டல் கிடைக்கும். ஆனால் தாத்தா அதைச் செய்யவில்லையே? செத்துப்போனவர் செய்யாத கலகத்தை நாம் அவர் பேரில் செய்து, அவர் செய்ததை அழிக்கலாமா? ஆயாவிடம் போய்க் கேட்டான். அது சொன்னது: "தெருவுல போட மாட்டாரு. ஊர் எல்ல தாண்டி பனமரம் இருக்கு பாரு, அங்க நிப்பாரு. துண்டால காலத் தட்டிட்டு, செருப்பப் போட்டுக்கினு, துண்டத் தோள்ல போட்டுக்கினுதான் நடப்பாரு. எத்தினி அவசரம்னாலும் காலத் தட்டாம போட மாட்டாரு."

செருப்பைக் கையில் பிடித்துப் போனதை எல்லாரும் எழுதியிருக்கிறோம். எல்லை தாண்டியதும் போட்டுக்கொண்டதை யார் எழுதினார்கள்? அந்தத் தெருவின் புழுதி தன் செருப்பில் ஒட்டக் கூடாது என்று தட்டிவிட்டு நடந்த மனிதரை யார் வரைந்தார்கள்? அது நாமாகக் கட்டிய வெற்றி இல்லை, நடந்தது. கேட்டால்தான் கிடைக்கும். அவன் அதை வரைந்தான். சுழற்சி அங்கே அறுந்தது. பனைமரத்துக்குப் பிறகு தாத்தாவின் குதிகால் முதலில் படுகிறது, கை வீசுகிறது. பாடப்புத்தகத்து நடைதான். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

வாத்தியார்களாக இருக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் நடை சொல்லித்தரும்போது வகுப்பில் உள்ள எல்லா மாணவர்களையும், ஒருவர் பாக்கியில்லாமல், அவரவர் தாத்தாவோ ஆயாவோ ஊர்த்தெருவில் நடந்த நடையை விசாரித்து வரைந்துவரச் சொல்லுங்கள். யார் செருப்போடு போனார்கள், யார் கையில் பிடித்துப் போனார்கள், யார் நடக்கவே வேண்டியிருக்கவில்லை, யார் வருவதைப் பார்த்து யார் ஒதுங்கினார்கள் என்று அவரவர் வீட்டில் கேட்டு வரட்டும். சில வீடுகளில் பதில் சொல்ல மாட்டார்கள், அதையும் வரையட்டும். எல்லாப் படத்தையும் ஒரே பின்னணியில் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். அதில் தெரு முழுசாகத் தெரியும். மாணவத் தோழர்களே, அந்தப் பயிற்சியை வாத்தியார் கொடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். பிறகு அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், ஆயாக்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். பார்க்கிற முறை இப்போது அவர்களுடையது.